மூச்சைக் கையில் வாங்கும் பாடம்

மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு மயக்கவியல் போஸ்டிங் என்றால் பாதி விடுமுறை. மருத்துவம், அறுவை, மகப்பேறு என்று மாதக்கணக்கில் வறுத்தெடுக்கும் துறைகளுக்கு நடுவே, ஏ.சி. போட்ட ஆபரேஷன் தியேட்டரில் சில நாள் ஓரமாக நின்றுவிட்டுப் போகலாம். தேர்வில் பெரிய கேள்வியும் வராது. 'ஊசி போடுவார்கள், நோயாளி தூங்குவார், அதில் படிக்க என்ன இருக்கிறது' என்ற நினைப்போடுதான் பெரும்பாலோர் தொப்பியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.

முதல் நோயாளியோடு அந்த நினைப்பு போய்விடும். புரோபபால் என்ற மருந்தை ஊசிக்குழலில் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் லெசித்தினும் சேர்த்துக் குழம்பாக்கிய மருந்து அது. கை நரம்பில் ஏறி அரை நிமிடம், முக்கால் நிமிடம் ஆவதற்குள், பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறார். மயக்க மருத்துவர் அவருடைய இமைமுடியை விரல் நுனியால் தடவிப் பார்க்கிறார். இமை அசைவதில்லை. மாணவர் திரையில் ஓடும் இதயத் துடிப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். "அங்க என்ன பார்க்குற? நெஞ்சைப் பாரு. மூச்சு விடுறாரா?" என்று ஆசிரியர் கேட்பார். விடுவதில்லை.

மூச்சு நின்றது விபத்தல்ல, மருந்தின் வழக்கமான வேலை. உணர்வை அணைக்கிற அளவுக்குக் கொடுத்த மருந்து, மூளைத்தண்டிலிருந்து மூச்சுக்கு உத்தரவிடும் நரம்பணுக்களையும் அமுக்கிவிடுகிறது. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்துவிட்டால் உதரவிதானமும் ஓய்ந்துவிடும். அந்த நொடியிலிருந்து அவருடைய மூச்சு இன்னொருவர் பொறுப்பு. மயக்கவியல் வகுப்பில் சொல்லித்தர வேண்டியதில் முக்கால்வாசி இந்தப் பொறுப்புதான் என்பது என் கட்சி. மருந்துகளின் பெயரும் அளவும் புத்தகத்தில் இருக்கின்றன. அவை எங்கும் ஓடிப்போகாது.

பொறுப்பு என்றால் எத்தனை நிமிடத்துக்கு? இதற்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல ஆசிரியர்கள் இதைப் பலகையில் போட மாட்டார்கள். நோயாளி விழித்திருக்கும்போதே மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுக்கிற அந்த மூன்று நிமிடத்தில் வாய்க்கணக்காகக் கேட்டுவிடுவார்கள். மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் எவ்வளவு காற்று மிச்சம்? பெரியவர்களுக்குச் சுமார் 2.5 லிட்டர், மல்லாந்து படுத்தால் இன்னும் கொஞ்சம் குறைவு. அதில் ஆக்சிஜன் எவ்வளவு? ஐந்தில் ஒரு பங்கு என்றே வைத்தாலும் அரை லிட்டர். உடம்புக்குச் செலவு? சும்மா படுத்திருந்தாலே நிமிடத்துக்கு 250 மில்லி. அப்படியானால் கையிருப்பு இரண்டே நிமிடம். அதுவும் முழுசாகக் கிடைக்காது, ஏனென்றால் கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச உடம்பால் முடியாது.

சரி, மூன்று நிமிடம் வெறும் ஆக்சிஜனையே இழுக்க விட்டால்? நுரையீரலிலிருந்த நைட்ரஜன் வெளியேறி அந்த இடமெல்லாம் ஆக்சிஜன் நிறையும். நாளைக்குத் தண்ணீர் வராது என்று தெரிந்ததும் மாடித் தொட்டியை நிரப்பி வைக்கிறோமே, அதே முன்யோசனை. இப்போது கையிருப்பு இரண்டு லிட்டருக்கு மேல். ஆரோக்கியமானவர் 7, 8 நிமிடம் மூச்சில்லாமலே தாக்குப்பிடிப்பார். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போக மறுக்கிற நாளில், மிச்சம் பிடித்த அந்த ஐந்தாறு நிமிடம்தான் உயிர். உடல் பருத்தவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் இதில் பாதிதான் கிடைக்கும். வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் அவர்களுக்குக் கொள்ளளவே குறைவு. கர்ப்பிணிக்குச் செலவும் கூடுதல். "ரப்பர் நாத்தம் அடிக்குது, எடுத்துடுங்க" என்று நோயாளி மாஸ்க்கை விலக்கப் பார்க்கும்போது, "இன்னும் கொஞ்சம் இழுத்து மூச்சு விடுங்கய்யா" என்று மாணவர் கெஞ்சுகிறாரா, போகட்டும் என்று விட்டுவிடுகிறாரா என்பதிலேயே அவர் கணக்கைப் புரிந்துகொண்டாரா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கைப்பாடம். மூச்சு நின்றவரின் முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பையை அமுக்க வேண்டும். பார்த்தால் ஒன்றுமே இல்லை. முதல் தடவை செய்கிற எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள்: மாஸ்க்கை முகத்தின்மேல் வைத்து அழுத்துவார்கள். அழுத்த அழுத்தத் தாடை உள்ளே போகும்; தளர்ந்து கிடக்கும் நாக்கும் தொண்டைத் தசையும் பின்னால் சரிந்து வழியை அடைக்கும். பை கல்லாக இறுகும், அல்லது காற்று கன்னத்தோரம் பர்ரென்று கசியும். நெஞ்சு ஏறாது. சரியான பிடி இதற்கு நேர்மாறு. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் வளைந்து மாஸ்க்கைப் பிடித்துக்கொள்ள, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பின் விளிம்பில் கொக்கி போட்டு முகத்தை மாஸ்க்குக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். விரல் எலும்பின்மேல்தான் இருக்க வேண்டும். மோவாய்க்குக் கீழே மெத்தென்ற இடத்தில் பட்டால் அதுவே வழியை அடைத்துவிடும். சுண்டு விரல் காதுக்குக் கீழே தாடை முனையைத் தேடிப் பிடிக்கும். கை சின்னதாக இருந்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கடுக்கும். இத்தனையும் கூடி வந்ததும் பை சட்டென்று இளகும், நெஞ்சு ஏறி இறங்கும். அந்த இளக்கத்தை எந்தப் புத்தகமும் சொல்லித் தர முடியாது. கைக்கு ஒரு தடவை பிடிபட்டால் மறக்காது.

காதுக்கும் பாடம் உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு நாடிக்கும் ஒரு 'டிக்' தரும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதி இறங்கும். பழகிய மயக்க மருத்துவர் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மருந்தை அளந்துகொண்டிருப்பார். சுருதி கொஞ்சம் இறங்கினாலே தலை தானாகத் திரும்பும். ஆனால் மாணவருக்கு இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மூச்சு நின்ற பிறகும் 99, 98 என்று எண் நெடுநேரம் அசையாமல் நிற்கும். 90-க்குக் கீழே வந்ததும் விறுவிறுவென்று விழும். முதலாம் ஆண்டு உடலியங்கியலில் மனப்பாடம் செய்த அந்த S வடிவக் கோடு இதுதான். கோட்டின் மேல்பகுதி சமதளம், பிறகு சரிவு. சமதளத்தில் நிற்கும்போது சரிவு தெரியாது.

ஆக்சிமீட்டரின் பிறப்பும் வேடிக்கையானது. ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் தகுவோ அயோயாகி என்ற பொறியாளர், இரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடலில் ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்தார். நாடித் துடிப்பு ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்து அளவைக் கலைத்தது. இரண்டு நிற ஒளியை வைத்து அந்தத் தொந்தரவை நீக்கப் பார்த்தபோது, ஆக்சிஜன் அளவு மாறினால் தொந்தரவும் மாறுவது தெரிந்தது. அவர் சாயத்தை விட்டுவிட்டுத் தொந்தரவைப் பிடித்துக்கொண்டார். அது 1974-இல். கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தது அதைத்தான்.

தியேட்டருக்கு வெளியே, மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனை அறையில், மாணவர் கற்க வேண்டியது பேச்சு. வயிற்றில் உணவோ திரவமோ இருந்தால் மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். பிரசவ அறைகளில் இப்படி நேர்ந்ததை நியூயார்க்கின் கர்டிஸ் மெண்டல்சன் 1946-இல் விரிவாக எழுதினார். அந்த நோய்க்கே அவர் பெயர்தான். கெட்டி உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. விதி எளிது, கேட்பதுதான் கஷ்டம்.

"அம்மா, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. நேத்து ராத்திரியோட சரி."

"காபி, டீ?"

"காபி ஒரு வாய் குடிச்சேன். அது சாப்பாடா?"

பால் விட்ட காபி, மணி எட்டு. அந்தம்மா பொய் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு. "கடைசியா வாயில என்ன போட்டீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்கத் தெரிந்த ஹவுஸ் சர்ஜன், மருந்தியல் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவரைவிட அந்த அறைக்குப் பயனுள்ளவர்.

அதே அறையில் "வாயை நல்லாத் திறந்து நாக்கை நீட்டுங்க" என்றும் கேட்பார்கள். உள்நாக்கு முழுதும் தெரிகிறதா, பாதிதான் தெரிகிறதா, மேலண்ணம் மட்டுமா என்று பார்த்து வகைப்படுத்துவதன் பெயர் மல்லம்பட்டி. ஏதோ இத்தாலியர் என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. அவர் தெலுங்கு நாட்டுக்காரரான சேஷகிரி ராவ் மல்லம்பட்டி. பாஸ்டனில் மயக்க மருத்துவராக இருந்தவர். நாக்கு பெரிதாக இருந்து தொண்டையை மறைத்தால் டியூப் போடுவது கடினமாக இருக்கும் என்ற ஊகத்தைச் சோதித்து 1985-இல் வெளியிட்டார். இதற்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம், கண் போதும்.

எல்லாம் பார்த்த பிறகு ஒரு மாணவராவது கேட்பார்: மருந்து மூளையில் என்னதான் செய்கிறது? நேர்மையான ஆசிரியர் இங்கே கொஞ்சம் இழுப்பார். 1900-ஐ ஒட்டி மையர், ஓவர்ட்டன் என்ற இருவர் தனித்தனியாக ஒன்றைக் கண்டார்கள்: கொழுப்பில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ அவ்வளவு வீரியமாக அந்தப் பொருள் மயக்குகிறது. அதனால் நரம்பணுவின் கொழுப்புச் சவ்வில்தான் மருந்து வேலை செய்கிறது என்று ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் நம்பினார்கள். 1984-இல் லண்டனில் ஃபிராங்க்ஸ், லீப் இருவரும் மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் புரதத்தை எடுத்து, கொழுப்பே இல்லாத கரைசலில் மயக்க மருந்தைச் சேர்த்தார்கள். ஒளி மங்கியது, அதுவும் விலங்குகளை மயக்கும் அதே அளவுகளில். ஆக, புரதமே இலக்காக முடியும். இன்று 'காபா' என்னும் தடுப்பு ஏற்பிகளைப் புரோபபால் தூண்டுகிறது என்பது வரை தெளிவு. ஆனால் செனான் என்ற வாயுவும் மயக்கும்; அது எதோடும் எளிதில் வினைபுரியாத மந்த வாயு. தொட்டாற்சிணுங்கியை ஈதர் ஆவியில் வைத்தால் தொட்டாலும் இலை மூடாது என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் குளோது பெர்னார் காட்டிவிட்டார். மூளையே இல்லாத செடி எதை இழந்தது என்று வகுப்பில் கேட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

இன்னொன்றும் கேட்கலாம். கத்தி பட்டால் அசையாமல் கிடப்பதும் நினைவிழந்து கிடப்பதும் ஒன்றா? 1993-இல் கலிபோர்னியாவில் ஆடுகளின் இரத்த ஓட்டத்தைப் பிரித்து, ஐசோஃபுளூரேன் ஆவியைத் தலைக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் முழுதும் சென்றால் 1.2 விழுக்காட்டில் அடங்கும் அசைவு, தலைக்கு மட்டும் கொடுத்தபோது 2.9 வரை ஏற்றினால்தான் அடங்கியது. அசைவை நிறுத்துவது பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை. நினைவு வேறு கணக்கு.

இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தி அல்ல. தென்னமெரிக்க வேடர்கள் அம்பு நுனியில் தடவிய குராரே நஞ்சை, 1942 ஜனவரியில் மாண்ட்ரியாலில் ஹெரால்டு கிரிஃபித்தும் ஈனிட் ஜான்சனும் அறுவை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். வயிற்றுத் தசை வெண்ணெயாக இளகியதில் அறுவை மருத்துவர்களுக்கு ஏக மகிழ்ச்சி. இந்த மருந்து நினைவையும் தணிக்கிறது என்று சிலர் நம்பத் தொடங்கினார்கள். யூட்டாவைச் சேர்ந்த மயக்க மருத்துவர் ஸ்காட் ஸ்மித் தன்மேலேயே சோதித்துக்கொண்டார். கண்ணிமைகூட அசையாத முழு முடக்கம். சகாக்கள் அவருக்காக மூச்சுவிட்டார்கள். தெளிந்ததும், நடந்ததையும் பேசியதையும் ஒப்பித்தார். 1947-இல் வெளியான அந்த அறிக்கைக்குப் பிறகு சந்தேகமில்லை: அசையாதவர் உணர்வில்லாதவர் ஆகமாட்டார்.

கற்பித்தலுக்கு வருவோம். மயக்கவியலை முறையாகச் சொல்லித்தரும் வழி போர்க்களத்தில் பிறந்தது. இண்டியானாபோலிஸ் நகரத்து ஆர்தர் கியூடெல் சிறுவனாக இருந்தபோது ஒரு விபத்தில் வலக்கையின் மூன்று விரல்களை இழந்தவர். முதல் உலகப்போரில் பிரான்சிலிருந்த அமெரிக்கப் படை மருத்துவமனைகளில் மயக்கம் கொடுக்க ஆளில்லை. கிடைத்த டாக்டர்கள், நர்ஸ்கள், உதவியாட்கள் எல்லோரையும் சேர்த்து அவர் வகுப்பு எடுத்தார். ஈதர் ஏற ஏற விழிக்கோளம் எப்படி அலைகிறது, கண்பாப்பா எவ்வளவு விரிகிறது, மூச்சு நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு எப்போது இறங்குகிறது என்பதையெல்லாம் நான்கு கட்டங்களாக ஒரே தாளில் வரைந்து சுவரில் ஒட்டினார். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறி, சேற்று வழியில் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், யார் தாளைப் பார்க்கிறார்கள், யார் நோயாளியைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தார். தாள் அச்சேறியது 1920-இல். அந்த நான்கு கட்டங்களை இன்றும் நம் மாணவர்கள் தேர்வுக்கு நெட்டுருப் போடுகிறார்கள். ஈதர் பாட்டிலையே பார்க்காத தலைமுறை. நோயாளி திமிறும் இரண்டாம் கட்டத்தைப் புரோபபால் காட்டாமலே தாண்டிவிடும். தாள் மிஞ்சிவிட்டது, மோட்டார் சைக்கிள் போய்விட்டது.

கியூடெலுக்கு நாடகமும் தெரியும். மூச்சுக்குழாய் டியூபின் நுனியில் ரப்பர் கையுறை விரல் முதலியவற்றால் ஊதும் வளையம் செய்து, அது ஊதிக்கொண்டால் எச்சிலோ நீரோ நுரையீரலுக்குள் போகாது என்று காட்ட விரும்பினார். சொன்னால் யார் நம்புவார்கள்? 1920-களின் பிற்பகுதியில், மயக்கிய நாய் ஒன்றுக்கு அந்த டியூபைப் பொருத்தி, சபையோர் முன்னிலையில் தண்ணீர்த் தொட்டியில் முழுதாக மூழ்கடித்தார். நாய் அடியில் கிடந்தபடி மயக்கத்திலேயே இருந்தது. வெளியே எடுத்து மருந்தை நிறுத்தியதும் எழுந்து, உடம்பை உதறி எல்லோரையும் நனைத்துவிட்டு, படுத்துத் தூங்கியது. நண்பர் ரால்ஃப் வாட்டர்ஸ் அதை மேடிசன் நகருக்குக் கூட்டிப்போய் வளர்த்தார். பெயர் 'ஏர்வே'. வாட்டர்ஸ்தான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மயக்கவியலை ஒழுங்கான கல்வித்துறையாக்கியவர். நேர்ந்த சிக்கல்களை வாரந்தோறும் உட்கார்ந்து பேசும் வழக்கமும் அவர் துறையில் இருந்தது.

இவர்களுக்கெல்லாம் முன்பே நம் பக்கத்து ஊரில் ஒரு ஆசிரியர் 'மூச்சைப் பார்' என்று மாணவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். நிஜாமின் ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் எட்வர்டு லாரி, குளோரோஃபார்ம் கொடுக்கும்போது நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, மூச்சை மட்டும் கவனி என்று கற்பித்தார். லண்டன் மருத்துவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. குளோரோஃபார்ம் இதயத்தையே நிறுத்தும் என்றார்கள். 1888-இலும் 1889-இலும் நிஜாமின் செலவில் இரண்டு ஆணையங்கள் விலங்குகளில் சோதித்து, மூச்சுதான் முதலில் நிற்கிறது என்று தீர்ப்புச் சொல்லின. லாரியின் மாணவி ரூபா பாய் ஃபர்தூன்ஜி அந்தச் சோதனைகளில் பங்கெடுத்தவர். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவர். ஆனால் 1911-இல் இங்கிலாந்தின் லெவி, குளோரோஃபார்ம் அரைகுறையாக ஏறிய நேரத்தில் பூனையின் இதயம் சட்டென்று தாளம் கெட்டு நிற்பதைக் காட்டினார். லண்டன் சொன்னதிலும் உண்மை இருந்தது. இன்றைய மாணவருக்கு நெஞ்சும் வேண்டும், திரையும் வேண்டும்.

மருத்துவ மாணவர்களும் மயக்கவியலும் சந்தித்த பெரிய கதை 1952-இல், கோபன்ஹேகனில் நடந்தது. அந்தக் கோடையில் போலியோ நகரத்தைத் தாக்கியது. பிளெக்டம் தொற்றுநோய் மருத்துவமனைக்கு ஒரு கட்டத்தில் நாளுக்கு 50 பேர் வரை வந்தார்கள். பலருக்கு விழுங்கும் தசையும் மூச்சுத் தசையும் போய்விட்டிருந்தன. மருத்துவமனையிடம் இருந்தவை, கழுத்து வரை உள்ளே வைத்து மூடும் இரும்பு நுரையீரல் ஒன்றும், மார்பில் கட்டும் கருவிகள் ஆறும்தான். முதல் சில வாரங்களில் இவற்றின் துணையோடு பார்த்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள்.

தலைமை மருத்துவர் லாசென், பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருத்துவரைக் கூப்பிட்டார். மயக்க மருத்துவருக்குத் தியேட்டருக்கு வெளியே வேலையே இல்லாத காலம் அது. நோயாளிகளின் இரத்தத்தில் பைகார்பனேட் ஏறிக் கிடந்தது; ஏதோ புரியாத காரணத்தால் இரத்தம் காரமாகிவிட்டது என்று அங்கே நினைத்திருந்தார்கள். இப்சென் பிணப் பரிசோதனைகளைப் பார்த்தார். நுரையீரல்கள் அவ்வளவு மோசமாக இல்லை. தியேட்டரில் நாம் அன்றாடம் பார்ப்பதுதான் இது என்றார்: மூச்சு போதாமல் கரியமில வாயு தேங்குகிறது, இரத்தம் அமிலமாகிறது. ஆக்சிஜன் கொடுப்பதால் தோல் சிவப்பாகத் தெரிகிறது, உள்ளே நோயாளி மூச்சுமுட்டிச் சாகிறார்.

ஆகஸ்ட் 27 அன்று செய்து காட்டச் சொன்னார்கள். 12 வயதுச் சிறுமி; கைகால்கள் விழுந்து, நீலம் பாரித்து, தன் எச்சிலிலேயே மூழ்கிக்கொண்டிருந்தாள். தொண்டையில் துளையிட்டு, கியூடெல் நாய்க்குப் போட்டதைப் போன்ற வளையம் வைத்த டியூபை நுழைத்தார்கள். இப்சென் பையை அமுக்கினார், காற்று போகவில்லை. சிறுமி திமிறினாள், மூச்சுக்குழல்கள் இறுகின. பார்க்க வந்த மருத்துவர்கள் கதை முடிந்தது என்று நகரத் தொடங்கினார்கள். அப்போது இப்சென், தியேட்டரில் பழகியவர் மட்டுமே துணிகிற ஒன்றைச் செய்தார். பென்டோதால் என்ற மயக்க மருந்தை ஊசியில் போட்டு அவளுடைய சொந்த மூச்சை நிறுத்தினார். திமிறல் அடங்கியது, பை இளகியது, நெஞ்சு ஏறி இறங்கியது. நிறம் திரும்பியது. கரியமில வாயு இறங்குவதைக் கருவி காட்டியது.

ஒரு சிறுமிக்கு ஒரு ஜோடிக் கை போதும். விரைவில் ஒரே நேரத்தில் 70 பேருக்கு அப்படிக் கை தேவைப்பட்டது, அதுவும் இரவும் பகலும். அந்த எண்ணிக்கையில் இயந்திரம் கிடையாது. பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர்களை அழைத்தார்கள். மொத்தம் சுமார் 1500 பேர் முறை வைத்துக் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் ரப்பர் பையோடு, அந்தத் தொற்றுக்காலம் ஓயும்வரை 1,65,000 மணி நேரம் மூச்சுக் கொடுத்தார்கள். வேகம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று சொல்லப் பக்கத்தில் திரை இல்லை. நெஞ்சையும் முகத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கட்டிலில் கிடந்தவர்களில் நிறையப் பேர் குழந்தைகள், முழு நினைவோடு இருந்தவர்கள். மாணவர்கள் மற்றொரு கையில் கதைப் புத்தகத்தைப் பிடித்துப் படித்துக் காட்டினார்கள். சில முறைகளில் நோயாளி பையின் கீழேயே இறந்தார். இருபது வயதுப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. 87 விழுக்காடாக இருந்த சாவு விகிதம் போகப் போகச் சுமார் 25-க்கு இறங்கியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இப்சென் அதே நகரத்தின் கொம்யூனே மருத்துவமனையில், நினைவும் மூச்சும் தவறியவர்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவைத் தொடங்கினார். நாம் 'ஐ.சி.யூ.' என்று சொல்வதன் தொடக்கம் அது.

டென்மார்க்கின் கை இன்னொரு இடத்திலும் தெரிகிறது. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே, அமுக்கி விட்டால் தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும் பையை ஹென்னிங் ரூபென் என்ற மயக்க மருத்துவரும் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளரும் 1956-இல் கொண்டுவந்தார்கள். முதல் மாதிரிக்குள் வைத்தது சைக்கிள் ஸ்போக் கம்பிகளை. இன்று எந்தக் கேஷுவால்ட்டியிலும் தொங்குகிற 'ஆம்பு பை' அதுதான்.

இப்போதெல்லாம் கைப்பாடம் பொம்மையில்தான் ஆரம்பம். 1967-இல் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 'சிம் ஒன்' என்ற கணினிப் பொம்மையைச் செய்தார்கள். மூச்சுவிடும், கண் சிமிட்டும், மருந்துக்கு ஏற்ப நாடி மாறும். விலை கட்டுப்படியாகாமல் ஒன்றோடு நின்றது. நம் பயிற்சி அறைப் பொம்மைகள் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானவை அல்ல; தலையும் நெஞ்சும் மட்டும். ஆனால் சில பொம்மைகளிடம் ஒரு நல்ல குணம் உண்டு. டியூப் போட வழி பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை வாயில் விட்டு, குரல்நாண் தெரியவில்லையே என்று மணிக்கட்டை மடக்கி நெம்பினால், மேல்வரிசைப் பல்லில் அழுத்தம் ஏறி 'டக்' என்று சத்தம் போடும். மனிதராக இருந்தால் பல் கையோடு வந்திருக்கும். 1943-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் மாக்கிண்டாஷ் வடிவமைத்த, அந்தக் கருவியின் வளைந்த தகட்டை, பிடி காட்டுகிற திசையிலேயே முன்னும் மேலுமாகத் தூக்க வேண்டும். பொம்மை சத்தம் போடாத நாளில்தான் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும் என்பேன். பொம்மையில் ஒரு குறையும் இருக்கிறது: அதன் தாடை ரப்பர். அது இளகுவதே இல்லை.

இந்த மாணவர்களில் மயக்க மருத்துவராகப் போகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களில் பலர் ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக இரவுப் பணி பார்ப்பார்கள். விடிகாலையில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ராத்திரி தரையில் படுத்திருந்தவர், எழுந்ததும் வயிற்றுவலி என்றார், இப்போது இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. கடித்த தடம் தேடினாலும் கிடைக்காது. கட்டுவிரியன். பாம்பின் நஞ்சு மூச்சுத் தசைவரை இறங்கினால் நிலைமை அப்படியே தியேட்டரில் பார்த்ததுதான்: மூச்சு நின்ற, ஆனால் மீளக்கூடிய மனிதர். ஸ்காட் ஸ்மித்தைப் போல அவருக்கும் காது கேட்கும். கண்பாப்பா விரிந்து, கைகால் துவண்டு கிடப்பதைப் பார்த்து மூளைச்சாவு என்று முடிவுகட்டப் பார்த்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

நல்ல பாம்பின் நஞ்சு, குராரே அடைக்கும் அதே ஏற்பிகளைத்தான் அடைக்கிறது. அதனால் அறுவை முடிந்ததும் தசைத் தளர்ச்சியை முறிக்க மயக்க மருத்துவர் போடும் நியோஸ்டிக்மின், அட்ரோபினோடு சேர்ந்து, விஷமுறிவு மருந்துக்குத் துணையாக அங்கேயும் கைகொடுக்கும். தொங்கிய இமை கண்முன்னே எழும்புவதுண்டு. கட்டுவிரியன் நஞ்சு நரம்பின் நுனியையே சிதைத்துவிடுவதால் அந்த ஊசிக்குப் பெரும்பாலும் மசியாது. நுனி பழையபடி தழைக்க நாட்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர் வேண்டும், அது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கும். ஒரு மணி நேரப் பயணம் என்றால், அந்த ஒரு மணி நேரமும் 108 வண்டியில் யாராவது ஒருவர் மூன்று விரலால் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பையை அமுக்கிக்கொண்டே வர வேண்டும்.